புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் போட்டித் தேர்வுப் பக்கத்தில் வரும் பாடக் குறிப்புகளை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கும் தேர்வர்கள் ஏராளம். அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4, குரூப் 2 தேர்வுகளுக்குப் படிப்பவர்களோடு பயிற்சி வகுப்புகளில் தொடர்ந்து பழகி வருகிறவர்கள் நாங்கள். குறிப்பு எடுப்பதில் இந்தப் பிள்ளைகள் யாரும் சோம்பல் படுவதில்லை. ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் தொடங்கி பன்னிரண்டாம் வகுப்பு வரை நோட்டு நோட்டாக எழுதித் தள்ளுகிறார்கள். அப்படி எடுத்த குறிப்பைச் சுருக்கும் இடத்தில்தான் உழைப்பு வீணாகிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இடம் தர வேண்டுகிறோம்.

வழக்கமாக நடப்பது இதுதான். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு 12 பக்கப் பாடத்தை 5 பக்கமாக எழுதுகிறார்கள். தேர்வு அறிவிப்பு வந்ததும் அந்த 5 பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 2 பக்கமாக எழுதுகிறார்கள். இரண்டு தடவையும் கண் பார்த்ததைக் கை எழுதியிருக்கிறது. நினைவிலிருந்து ஒரு வரிகூட வெளியே எடுக்கப்படவில்லை. தேர்வு அறையில் நடப்பதோ நினைவிலிருந்து எடுக்கும் வேலை மட்டுமே. அந்த வேலையை ஒருமுறைகூடப் பழகாமல் 200 கேள்விகளை 3 மணி நேரத்தில் சந்திக்கப் போகிறார்கள்.

இது வெறும் அபிப்பிராயம் அல்ல. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களையும், ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்ததை எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் வைத்த தேர்வுகளில் எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்தினார்கள். முதல் முடிவுதான் தேர்வர்களை ஏமாற்றுகிறது. படித்த சூட்டில் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும்.

2013-ல் டன்லாஸ்கி என்பவரும் உடன் ஆய்வாளர்களும் பத்து படிப்பு முறைகளை எடைபோட்டார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் அதிகப் பயன் தரும் முறைகள் என்றார்கள். அடிக்கோடிடுவது, திரும்பப் படிப்பது ஆகியவற்றோடு சுருக்கி எழுதுவதையும் குறைந்த பயன் தரும் வரிசையில்தான் வைத்தார்கள். சுருக்கி எழுதும் பயிற்சி பெற்றவர்களுக்கு அது உதவுகிறது, பலருக்கு அந்தப் பயிற்சி இல்லை என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணம். எங்கள் கடிதமும் அந்தப் பயிற்சியைப் பற்றியதுதான்.

உள்ளாட்சி அமைப்புகள் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் குடிமையியல் பகுதியில் இது வருகிறது. படிக்க உட்காரும் முன் பாடத்தின் கடைசியில் உள்ள புக் பேக் கேள்விகளையும், முந்தைய ஆண்டு வினாத்தாள்களில் இந்தப் பகுதியிலிருந்து வந்த கேள்விகளையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். எதைத் தேடிப் படிக்கிறோம் என்று தெரியாமல் படித்தால் எல்லா வரியும் முக்கியமாகத் தெரியும். ஹைலைட்டர் பக்கம் முழுவதும் ஓடும். முதல் வாசிப்பில் பேனாவை எடுக்கவே கூடாது. முக்கியம் என்று பட்ட இடத்தில் பென்சிலால் ஓரத்தில் ஒரு புள்ளி போதும்.

இரண்டாம் வாசிப்பில்தான் குறிப்பு. நோட்டுப் பக்கத்தில் இடது ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு அகலத்தில் கோடு போட்டு, இடது பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு வலது பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் 1950-களில் உருவாக்கிய முறை இது. கீழே ஐந்தாறு வரிக்கும் இடம் விட வேண்டும். ஒவ்வொரு குறிப்புக்கும் வகுப்பும் பக்க எண்ணும் எழுதுவது கட்டாயம். ‘9-ஆம் வகுப்பு, பக்கம் இத்தனை’ என்று இரண்டே சொல். இது இல்லாத நோட்டில் பின்னால் ஒரு சந்தேகம் வந்தால், சரிபார்க்க அரை மணி நேரம் போகும். பாதிப் பேர் சரிபார்க்காமலே விட்டுவிடுவார்கள்.

அடுத்து வருவதுதான் எல்லோரும் தாண்டிப் போகும் படி. அன்று மாலையோ, அதிகபட்சம் மறுநாள் காலையோ, புத்தகத்தையும் நோட்டையும் மூடி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் பாடத்தில் நினைவிருப்பதை எல்லாம் எழுத வேண்டும். 10 நிமிடம் போதும். வரிசை வேண்டாம், அழகான கையெழுத்தும் வேண்டாம். பிறகு நோட்டைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவால் சேர்க்க வேண்டும். தப்பாக எழுதியதை அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். முதல் சில பாடங்களில் தாள் பெரும்பாலும் சிவப்பாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து மனம் உடைந்து பழையபடி பார்த்தே எழுதப் போய்விடுகிறவர்கள் பலர். அந்தச் சிவப்புதான் சுருக்கத்துக்கான மூலப்பொருள் என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். கறுப்பில் தானாக வந்ததைச் சுருக்கத்தில் ஒரு சொல்லில் முடித்துவிடலாம். சிவப்பில் வந்ததற்குத்தான் இடம் ஒதுக்க வேண்டும். ஒருவர் எழுதிய சுருக்கத்தை இன்னொருவர் ஜெராக்ஸ் எடுத்துப் படித்தால் அவ்வளவாகப் பயன் தராததும் இதனால்தான். உங்களுக்கு எது சிவப்பு என்று அவருக்குத் தெரியாது.

இப்போது சுருக்கம். ஒரு பாடத்துக்கு ஏ4 தாளில் ஒரு பக்கம், அதற்கு மேல் கூடாது. 12 பக்கப் பாடம், 3 பக்கக் குறிப்பு, 1 பக்கச் சுருக்கம் என்பது தோராயமான கணக்கு. இடது கட்டத்தில் கேள்வி, வலது கட்டத்தில் விடை. 12 முதல் 18 கேள்விகள். ஊராட்சிகளுக்கு அரசமைப்பு அங்கீகாரம் தந்த சட்டத் திருத்தத்தை ‘73-ஆவது திருத்தம் – முக்கிய அம்சங்கள்’ என்று இடது பக்கத்தில் தலைப்பாக எழுதினால் அது எதையும் கேட்பதில்லை. ‘ஊராட்சியின் பதவிக்காலம் எவ்வளவு, முன்னதாகக் கலைத்தால் என்ன ஆகும்?’ என்று எழுதினால், வலது பக்கத்தைக் கையால் மறைத்ததும் அதுவே ஒரு தேர்வாகிவிடும்.

சுருக்கும்போது மிக அதிகமாக நடக்கும் தவறு, நிபந்தனைச் சொற்களை வெட்டிவிடுவது. ‘பெண்களுக்கு 1/3 இட ஒதுக்கீடு’ என்று பல நோட்டுகளில் இருக்கிறது. அரசமைப்பின் 243-டி பிரிவு சொல்வது ‘மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல்’ என்று. தமிழ்நாட்டில் 2016-ல் சட்டத்தைத் திருத்தி இதை 50 விழுக்காடாக உயர்த்தினார்கள். ‘குறையாமல்’ என்ற சொல் நோட்டில் இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். அதை வெட்டிவிட்டவருக்கு 50 என்ற விடையைப் பார்த்ததும் குழப்பம் வரும், எது சரி என்று தெரியாமல் ஒன்றை நிரப்புவார்.

இதே பாடத்தில் இன்னும் இரண்டு இடங்கள். கிராமத்துக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் அமையும் இடைநிலை ஊராட்சி பற்றி, மாநில மக்கள்தொகை ‘20 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் கிடையாது’ என்று எழுதுகிறார்கள். மக்கள்தொகை 20 லட்சத்துக்கு மேற்படாத மாநிலத்தில் அதை அமைக்காமல் இருக்கலாம் என்பதுதான் சட்டம். அமைக்கவே கூடாது என்று எங்கும் இல்லை. பதவிக்காலம் 5 ஆண்டு என்பதை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். முன்னதாகக் கலைக்கப்பட்டால் 6 மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும், அப்படித் தேர்வாகும் அமைப்பு மீதமுள்ள காலத்துக்கு மட்டுமே பதவியில் இருக்கும் என்ற பாதி நோட்டில் இருப்பதில்லை. கூற்று–காரணம் வகைக் கேள்விகள் இந்தப் பாதியைத்தான் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே ‘மட்டும்’, ‘தவிர’, ‘குறையாமல்’, ‘மேற்படாத’, ‘லாம்’, ‘வேண்டும்’ ஆகியவற்றைச் சுருக்கத்தில் வட்டமிட்டு வைப்பது நல்லது. கலர் பேனாவுக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது.

ஆண்டுகளிலும் இதே சிக்கல். 73-ஆவது திருத்தச் சட்டத்தின் பெயரில் 1992 இருக்கிறது. நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல் 24. நகராட்சிகளுக்கான 74-ஆவது திருத்தம் அதே ஆண்டு ஜூன் 1. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994. வெறும் ‘73 – 1992’ என்று எழுதினால் கேள்வி எந்த ஆண்டைக் கேட்கிறது என்று பார்க்கும் பழக்கமே வராது. ‘சட்டம் 1992 / நடைமுறை 24.4.1993’ என்று இரண்டையும் எழுத வேண்டும்.

ஒன்றோடொன்று குழம்பும் தகவல்களை வேறு வேறு பக்கங்களில் எழுதவே கூடாது. அரசமைப்பின் 11-ஆவது அட்டவணையில் 29 பொருள்கள், அது ஊராட்சிகளுக்கு. 12-ஆவது அட்டவணையில் 18, அது நகராட்சிகளுக்கு. தனித்தனியாகப் படிக்கும்போது இரண்டும் சுலபம். தேர்வறையில் 29-ம் 18-ம் இடம் மாறும். வயது வரம்பும் அப்படியே: உள்ளாட்சிக்கு 21, மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் 25, மாநிலங்களவைக்கு 30, குடியரசுத் தலைவர் பதவிக்கு 35. இவை நான்கு வேறு பாடங்களிலிருந்து வருபவை. பாடவாரியான சுருக்கங்களை முடித்த பிறகு, ‘குழப்பப் பக்கம்’ என்று தனியாக ஒரு தாள் வைத்து இத்தகையவற்றை ஒரே கட்டத்தில் அடுத்தடுத்து எழுதி வைப்பவர்கள் கடைசி வாரத்தில் நிம்மதியாக இருக்கிறார்கள்.

தமிழ்ப் பகுதிக்கு இது இன்னும் பொருந்தும். எட்டுத்தொகை அகநூல்களின் அடி எல்லையை, அதாவது ஒரு பாடலுக்குக் குறைந்தது எத்தனை அடி, அதிகபட்சம் எத்தனை அடி என்பதை, நூல்வாரியாகத் தனித்தனியே எழுதி மனப்பாடம் செய்கிறார்கள், மறந்துபோகிறது. எண்களின் ஏறுவரிசையில் வைத்துப் பாருங்கள்: ஐங்குறுநூறு 3–6, குறுந்தொகை 4–8, நற்றிணை 9–12, அகநானூறு 13–31. நற்றிணை விட்ட இடத்திலிருந்து அகநானூறு தொடங்குகிறது. குறுந்தொகை விட்ட இடத்திலிருந்து நற்றிணை தொடங்குகிறது. இந்த ஒழுங்கு கண்ணில் பட்டுவிட்டால் பாதிச் சுமை குறைந்துவிடும். ஐங்குறுநூற்றில் திணைக்கு நூறு பாடல், ஒவ்வொரு நூறுக்கும் ஒரு புலவர். மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார். நூலின் வரிசையும் இதுதான். ‘பொருத்துக’ கேள்விக்கு வரிசை தெரிந்தவர் மூன்றைப் பொருத்தினாலே நான்காவது தானாக வந்துவிடும். குரூப் 4-ல் 200-இல் 100 கேள்விகள் தமிழ். அதில் 40 விழுக்காடு எடுக்காதவரின் மற்ற பகுதி மதிப்பிடப்படுவதே இல்லை. தமிழ் தெரிந்ததுதானே என்று சுருக்கமே எழுதாமல் விடுபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாறக்கூடிய தகவல்களைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் மாதமும் ஆண்டும் போட வேண்டும். கிராம சபை நல்ல உதாரணம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு 4 முறை என்பது நீண்ட காலப் பாடம். 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டு 6 ஆயிற்று. பழைய நோட்டைத் தம்பி தங்கைக்கோ நண்பருக்கோ கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு, நல்ல வழக்கம்தான். பேனாவில் தேதியில்லாமல் எழுதிய ‘4’ அந்த நோட்டோடு சேர்ந்து போய் இன்னொருவரின் மதிப்பெண்ணைத் தின்றுவிடும்.

விரிவாக எழுத வேண்டிய முதன்மைத் தேர்வுக்குக் கேள்வி–விடைக் கட்டம் மட்டும் போதாது. அங்கே ஏன், அதனால் என்ன ஆயிற்று என்ற தொடர்ச்சி வேண்டும். பக்கத்தின் அடியில் விட்ட ஐந்தாறு வரி அதற்காகத்தான். 1952-ல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் மக்கள் பங்கேற்பு போதவில்லை. அதை ஆராய்ந்த பல்வந்த்ராய் மேத்தா குழு 1957-ல் கிராமம், ஒன்றியம், மாவட்டம் என்ற மூன்றடுக்கு ஊராட்சி முறையைப் பரிந்துரைத்தது. 1959 அக்டோபர் 2-ல் ராஜஸ்தானின் நாகௌரில் அது தொடங்கியது. பின்னர் பல மாநிலங்களில் ஊராட்சி அமைப்புகள் தேர்தலின்றி வலுவிழந்தன. 1978-ல் அசோக் மேத்தா குழு இரண்டடுக்கு போதும் என்றது. 1986-ல் சிங்வி குழு அரசமைப்பு அங்கீகாரம் வேண்டும் என்றது. 1989-ல் 64-ஆவது திருத்த மசோதா மாநிலங்களவையில் தோற்றது. அதன் பிறகே 73. இதை அம்புக்குறிகளால் இணைத்து எழுதிவிட்டு, ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் காரணத்தை இரண்டு சொல்லில் எழுத வேண்டும். ஏதாவது ஓர் அம்புக்குறியின் மேல் எழுத ஒன்றும் வரவில்லை என்றால் அந்த இடம் புரியவில்லை என்று பொருள். புத்தகத்தைத் திறக்க வேண்டிய இடம் அதுதான்.

எழுதி முடித்த சுருக்கத்தின் தலையில் தேதி போட்டு, திருப்புதலுக்கான நாட்களையும் அங்கேயே குறித்துவிட வேண்டும். மறுநாள், 4-ஆம் நாள், 10-ஆம் நாள், 25-ஆம் நாள், பிறகு தேர்வுக்கு முந்தைய வாரம் என்பது பெரும்பாலோருக்கு ஒத்துவருகிறது. படித்தது முதல் சில நாட்களில்தான் வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்காஸ் 1885-லேயே தன்னைத்தானே சோதித்துக் காட்டினார். அதனால்தான் தொடக்க இடைவெளிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வலது கட்டத்தை மறைத்து, விடையை வாய்விட்டோ எழுதியோ சொன்ன பிறகே பார்க்க வேண்டும். சரியென்றால் இடது ஓரத்தில் ஒரு கோடு, தவறென்றால் ஒரு புள்ளி. மூன்று கோடு விழுந்த கேள்வியை 25-ஆம் நாள் வரை தொட வேண்டாம். மூன்று புள்ளி விழுந்ததைக் கேள்வியையே மாற்றி எழுத வேண்டும். கேள்வி பெரிதாகவோ மொட்டையாகவோ இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். ‘மாநிலத் தேர்தல் ஆணையம் பற்றி?’ என்பது மொட்டைக் கேள்வி. ‘ஊராட்சித் தேர்தலை நடத்துவது யார், எந்தப் பிரிவின்படி?’ என்றால் மாநிலத் தேர்தல் ஆணையம், 243-கே என்று விடை பளிச்சென்று வரும். ஒரு பக்கத்துக்கு இது 6 அல்லது 7 நிமிட வேலை. நாளொன்றுக்கு ஆறு பக்கம் திருப்பினாலும் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு படிக்கும் பெண்கள், ‘இதற்கெல்லாம் நேரம் எங்கே?’ என்று கேட்பது நியாயமான கேள்வி. குறைக்க வேண்டியது குறிப்பெடுக்கும் நேரத்தை. 5 பக்கம் பார்த்து எழுதும் இரண்டு மணி நேரத்தை ஒரு மணி நேரமாக்கினால், மூடிவைத்து எழுதவும் சுருக்கவும் நேரம் அதிலேயே கிடைக்கும். எல்லாப் பாடத்துக்கும் முடியாவிட்டால், முந்தைய வினாத்தாள்களில் அடிக்கடி வரும் பாடங்களுக்கு மட்டுமாவது செய்யட்டும். மற்றவற்றுக்குப் புக் பேக் கேள்விகளே போதும்.

கைப்பேசியில் வந்து குவியும் பிடிஎஃப் குறிப்புகளைப் பற்றி ஒரு வரி: அவற்றை விடை சரிபார்க்கப் பயன்படுத்தலாம், மூலமாக வைத்துக்கொள்ள வேண்டாம். பக்க எண் இல்லாத குறிப்பு எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்பதே தெரியாது.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று. போட்டித் தேர்வுப் பக்கத்தில் குறிப்புகளைத் தலைப்பும் வரிகளுமாக வெளியிடுவதற்குப் பதில், இடது பத்தியில் கேள்விகளை மட்டும் அச்சிட்டு வலது பத்தியை எழுதுவதற்குக் காலியாக விடுங்கள். விடைகளை மறுநாள் இதழில் தாருங்கள். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் எந்த வகுப்புப் புத்தகம், எந்தப் பாடம் என்று குறிப்பிடுங்கள். மாதம் ஒருமுறை, அந்த மாதம் வெளியான கேள்விகளிலிருந்தே 20-ஐ வரிசை மாற்றி மீண்டும் கேளுங்கள். வெட்டி ஒட்டும் நோட்டுகள் இப்போதும் நிறையும். ஆனால் விடைகள் தேர்வர்களின் சொந்தக் கையெழுத்தில் இருக்கும்.

இப்படிக்கு,
போட்டித் தேர்வுப் பயிற்றுநர்கள் சிலர்,
திண்டுக்கல்.